காத்தை இறக்கு, கரையேறு

நாலு சக்கரமும் சுத்துது. வண்டி மட்டும் நகர மாட்டேங்குது.

போன குளிர்காலம், ஷார்ஜாவுல பதாயர் மணல்மேடுகள் பக்கம். நண்பன் புதுசா (அதாவது செகண்ட் ஹாண்ட்ல) வாங்கின ஃபோர்வீல் டிரைவ் வண்டி. "நாலு வீலுக்கும் பவர் போகுதுடா, இது எங்க மாட்டப் போகுது"ன்னு கிளம்பினோம். இன்ஜினியரிங் படிச்ச ரெண்டு பேர் மாறி மாறி ஆக்சிலரேட்டரை மிதிச்சதுல, அஞ்சே நிமிஷத்துல வண்டி வயிறு தரையில பட உக்காந்துடுச்சு. மிதிக்க மிதிக்க நாலு சக்கரமும் ஆளுக்கொரு கிணறு வெட்டினதுதான் மிச்சம்.

அந்த வழியா பழைய பிக்கப்புல வந்த ஒரு பட்டாணிப் பெரியவர் நிறுத்தி இறங்கினார். எங்களை ஒரு பார்வை, வண்டியை ஒரு பார்வை. கீழே கிடந்த குச்சியை எடுத்து டயர் வால்வுல வெச்சு அழுத்தினார். உஸ்ஸ்ஸ்... "ஹவா நிக்காலோ பேட்டா." காத்தை இறக்குன்னு அர்த்தம். நாலு டயரும் பாதி சப்பையாச்சு. சக்கரத்துக்குப் பின்னாடி குவிஞ்சிருந்த மணலைக் கையாலேயே வழிச்சுத் தள்ளிட்டு, ரிவர்ஸ்ல பூப்போல எடுக்கச் சொன்னார். வண்டி ஏதோ சிமெண்டுத் தரையில நிக்கற மாதிரி சாதாரணமா நகர்ந்து வந்துது. டீக்கு காசு கொடுத்தேன், வாங்கலை. சிரிச்சுட்டுப் போயிட்டார்.

மானம் போனதைவிட எனக்கு ஆச்சரியம்தான் பெருசா இருந்தது. லட்சக்கணக்குல காசு கொடுத்து வாங்கின கியரும் ஷாஃப்டும் செய்யாததை ஒரு குச்சி எப்படிச் செஞ்சது? அன்னைக்கு ராத்திரியே தோண்ட ஆரம்பிச்சேன் (இந்த தடவை மணலை இல்லை, புத்தகங்களை). தோண்டினதுல கிடைச்ச கதை இது. ஒரு போர், ஒரு ராணுவ மேஜர், கொஞ்சம் சந்திரன், கொஞ்சம் செவ்வாய் எல்லாம் வரும். பொறுமையா வாங்க.

முதல்ல கொஞ்சம் பல்சக்கரம்

வண்டி நகர ரெண்டு வேலை நடக்கணும். இன்ஜின்ல இருந்து சக்கரம் வரைக்கும் விசை வந்து சேரணும். அது ஒண்ணு. சக்கரத்துல இருந்து தரைக்கு அந்த விசை போய்ச் சேரணும். அது ரெண்டாவது. முதல் வேலைக்குத்தான் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில்னு அத்தனை இரும்பு. ரெண்டாவது வேலைக்கு இருக்கறது டயர் மட்டும்தான்.

முதல் வேலையிலேயே ஒரு சிக்கல் உண்டு. வண்டி வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். ரெண்டையும் ஒரே கம்பியில இறுக்கிக் கட்டினா டயர் தேயும், வண்டி திரும்ப அடம்பிடிக்கும். இதுக்கு விடைதான் டிஃபரன்ஷியல். பிரெஞ்சுக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர் 1828லேயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். பெட்ரோல் கார் பிறக்கறதுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல முன்னாடி!

டிஃபரன்ஷியல் ரொம்ப நியாயஸ்தன். ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடும், ஆனா திருக்கு விசையை ரெண்டுக்கும் சமமாத்தான் பிரிக்கும். இந்த நியாயம்தான் சேத்துல காலை வாரும். ஒரு சக்கரம் வழுக்கற இடத்துல நிக்குதுன்னு வைங்க. அதைச் சுத்த கொஞ்சூண்டு விசை போதும். பாகப்பிரிவினை சமம்கறதால, நல்ல தரையில நிக்கற இன்னொரு சக்கரத்துக்கும் அதே கொஞ்சூண்டுதான் கிடைக்கும். தம்பி ஊதாரியாத் திரிய, உழைக்கற அண்ணனுக்கும் பட்டினி. டிஃபரன்ஷியல் லாக்னு ஒரு சமாச்சாரம் வெச்சிருக்கற வண்டிகள்ல, இந்தப் பிரிவினையை ரத்து பண்ணி ரெண்டு சக்கரத்தையும் இறுக்கிக் கட்டலாம்.

சரி, நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்தா? இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லை. 1903லேயே ஹாலந்துல ஸ்பைக்கர் சகோதரர்கள் ஆறு சிலிண்டர் இன்ஜினோட, நாலு சக்கரமும் இழுக்கற ரேஸ் கார் கட்டிட்டாங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து கிளிண்டன்வில் ஊர்ல ஒட்டோ ஸாக்கோவும் வில்லியம் பெஸர்டிச்சும் அதுக்கு அடுத்த சில வருஷங்கள்ல இதே வேலையில இறங்கினாங்க. அவங்க ஆரம்பிச்ச கம்பெனியோட பேரே ஃபோர் வீல் டிரைவ்தான். முதல் உலகப் போர்ல அவங்க லாரிகள் ஆயிரக்கணக்குல போச்சு.

இதுல கஷ்டமான இடம் முன்சக்கரம். அது சுத்தவும் வேணும், ஸ்டியரிங்குக்கு ஏத்தபடி திரும்பவும் வேணும். வளைஞ்ச நிலையிலேயும் ஒரே சீரான வேகத்துல சுழற்சியைக் கடத்தற மூட்டு வேணும். அதைச் சரிபண்ணினவங்கள்ல முக்கியமானவர் ஃபோர்ட் கம்பெனியில வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஷெப்பா. 1920கள்ல ஆறு எஃகுக் குண்டுகளை வெச்சு அவர் செஞ்ச மூட்டோட வாரிசுகள்தான் இன்னைக்கு முன்சக்கரம் இழுக்கற சாதாரண கார்கள்லகூட இருக்கு. மெக்கானிக் "சி.வி. ஜாயிண்ட் போச்சு சார்"னு பில்லை நீட்டும்போது இவரை நினைச்சுக்கலாம்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸுக்குப் பின்னாடி உக்காந்து, வர்ற விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பங்கு வைக்கற பெட்டி. அதுலேயே லோ ரேஞ்ச்னு இன்னொரு பல்சக்கர ஜோடி இருக்கும். வேகத்தைக் குறைச்சு விசையைக் கூட்டும். 1940ல அமெரிக்க ராணுவம் சின்னதா ஒரு ஃபோர்வீல் டிரைவ் வண்டி வேணும்னு கேட்டப்போ, பேண்டம்ங்கற சின்ன கம்பெனிக்காக கார்ல் ப்ரோப்ஸ்ட் வரைஞ்ச வண்டி அதே வருஷம் செப்டம்பர் 23ஆம் தேதி ராணுவ முகாமுக்குப் போய் நின்னுது. கொடுத்திருந்த கெடு 49 நாள். அதுதான் பிற்பாடு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடியறதுக்குள்ள ஆறு லட்சத்துக்கு மேல தயாரிச்ச ஜீப். அதோட லோ ரேஞ்ச் விசையை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜீப் மாதிரி பழைய பாணி டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் ஒரே வேகத்துல பூட்டிடும். ஆனா வளைவுல முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடணும். மணல்ல சக்கரம் கொஞ்சம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சமாளிச்சுக்கும். காய்ஞ்ச தார் ரோட்டுல வழுக்க முடியாது. உள்ளே ஷாஃப்டுகள் முறுக்கேறி எங்கேயாவது எதையாவது உடைக்கும். அதாவது, இந்த இரும்பு எல்லாமே தரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்னு நம்பித்தான் கட்டினது.

ஆக, எவ்வளவு பல்சக்கரம் போட்டாலும் கடைசி வார்த்தை தரையோடதுதான். இதை நல்லாப் புரிஞ்சுகிட்ட ஒரு ஆள் இருந்தார்.

மேஜர் பேக்னால்ட்

ரால்ஃப் பேக்னால்ட், 1896ல பிறந்த பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர். முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல இருந்துட்டு, கேம்பிரிட்ஜ்ல இன்ஜினியரிங் படிச்சுட்டு, 1926ல எகிப்துக்கு மாத்தலாகி வந்தார். வந்த இடத்துல பாலைவனப் பைத்தியம் பிடிச்சிடுச்சு. லீவு கிடைச்சா நண்பர்களோட சேர்ந்து சொந்தக் காசுல ஃபோர்ட் கார்களை எடுத்துகிட்டு லிபியப் பாலைவனத்துக்குள்ளே போயிடுவார். 1929, 1930, 1932னு மூணு பெரிய பயணம். எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவுல இருக்கற மகா மணற்கடல், கிட்டத்தட்ட 72,000 சதுர கிலோமீட்டர் வெறும் மணல். அதுக்குள்ள கார் போகவே முடியாதுன்னு நினைச்சுகிட்டிருந்த காலம்.

அவர் எடுத்துட்டுப் போன மாடல் ஏ ஃபோர்டு பின்சக்கரம் மட்டும் தள்ளற சாதாரண கார். பின்னே எப்படிப் போனார்?

கொஞ்சம் அதிர்ஷ்டம், கொஞ்சம் கணக்கு. அதுவரைக்கும் கார் டயர் ஒல்லியா, காத்து ரொம்ப அழுத்தமா அடைச்சு, கல்லு மாதிரி இருக்கும். 1923ல ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயர்னு ஒண்ணு கொண்டுவந்தது. குண்டா இருக்கும், காத்து கம்மியா இருந்தா போதும். அது ரோட்டுல குலுங்காம சொகுசாப் போறதுக்காக வந்த சரக்கு. பேக்னால்ட் அந்த மாதிரி டயர்ல இன்னும் கொஞ்சம் காத்தை இறக்கிட்டு, வேகம் குறையாம மணல்மேட்டுல ஏறினார். ஏறிடுச்சு!

மாட்டிகிட்டா? கெய்ரோ பழைய இரும்புக் கடையில ஒரு சாமான் கண்ணுல பட்டிருக்கு. முதல் உலகப் போர்ல பதுங்குகுழிக்குக் கூரை போட வெச்சிருந்த எஃகுத் தகடு. அதைச் சக்கரத்துக்கு அடியில தள்ளி, அது மேல ஏத்தி வெளியே எடுக்கறது. ரேடியேட்டர் தண்ணி கொதிச்சு ஆவியாப் போனா, அதைக் குழாய் வழியா ஒரு டப்பாவுக்குக் கொண்டுபோய்த் தண்ணியாக்கித் திரும்ப உள்ளே விட ஒரு ஏற்பாடு. காந்த முள்ளை காரோட இரும்பு குழப்பும்கறதால, நிழலை வெச்சு திசை பார்க்கற சூரியத் திசைகாட்டி. எல்லாமே அங்கே அங்கே கிடைச்சதை வெச்சுப் பண்ணின வேலை. கல்யாண வீட்டுல மீந்த காய்கறியை வெச்சே கூட்டாஞ்சோறு ஆக்கற கைப்பக்குவம்.

1935ல ராணுவத்தை விட்டு வெளியே வந்தவர், மணல் ஏன் இப்படி நடந்துக்குதுன்னு காத்துச் சுரங்கம் கட்டி ஆராய்ச்சி பண்ணி 1941ல புத்தகமே போட்டார். காத்துல பறக்கற மணலோட இயற்பியல். இன்னைக்கும் அந்தத் துறையில எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கறாங்க.

ஃபோர்வீல் டிரைவைத் திருப்பிக் கொடுத்த படை

1939ல போர் வந்ததும் பேக்னால்டைத் திரும்பக் கூப்பிட்டு, கென்யாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. கப்பல் மத்தியதரைக் கடல்ல இன்னொரு கப்பலோட மோதி, பயணிகளை எகிப்துல போர்ட் சயீத்ல இறக்க வேண்டியதாப் போச்சு. பாலைவனத்தை விரல் நுனியில வெச்சிருக்கற ஆளை விதி பாலைவனத்து வாசல்லேயே இறக்கி விட்டுடுச்சு. 1940 ஜூன்ல இத்தாலி போர்ல குதிச்சதும் ஜெனரல் வேவலைப் பார்த்து, எதிரிக்குப் பின்னாலே பாலைவனத்து உள்வழியா போய் வேவு பார்க்க ஒரு சின்னப் படை கேட்டார். அனுமதி கிடைச்சது. பின்னாடி அதுக்கு நீள்தூரப் பாலைவனக் குழுன்னு பேர் வந்தது. முதல்ல சேர்ந்தவங்க பெரும்பாலும் நியூசிலாந்துக்காரங்க. ஊர்ல விவசாயம் பண்ணி, வண்டியைத் தானே பிரிச்சு மாட்டிப் பழகின ஆளுங்க.

முதல் வண்டி என்ன தெரியுமா? செவர்லே லாரி, ஒன்றரை டன் சுமக்கற வகை. பின்சக்கரம் மட்டும் தள்ளற டூவீல் டிரைவ்! கதவு, கூரை, முன்கண்ணாடி எல்லாம் கழட்டி எறிஞ்சாங்க. பட்டைச் சுருள் கூடுதலாப் போட்டாங்க. அகலமான, காத்துக் குறைவா அடிக்கற மணல் டயர் மாட்டினாங்க. 1941 ஜனவரியில லிபியாவோட தென்மேற்குல இருந்த முர்சுக் கோட்டை வரைக்கும் போய் அடிச்சுட்டு வந்தது இந்த வண்டிகள்தான்.

1941ல வண்டிகள் தேய்ஞ்சு போனதும், கனடாவுல செஞ்ச ஃபோர்ட் எஃப்30 லாரிகள் வந்தது. இது ஃபோர்வீல் டிரைவ். எல்லாரும் சந்தோஷப்பட்டிருக்கணும் இல்லையா? கணக்கு வேற மாதிரி போச்சு. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், கூடுதல் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து வண்டி கனமாச்சு. செவர்லே குடிச்சதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெட்ரோல் குடிச்சது.

இது மைலேஜ் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நடுப் பாலைவனத்துல பெட்ரோல் பங்க் கிடையாது. போறதுக்கும் வர்றதுக்கும் வேண்டிய எண்ணெய், தண்ணி, சாப்பாடு, குண்டு எல்லாத்தையும் அதே லாரி சுமக்கணும். பெட்ரோலை இரட்டிப்பா ஏத்தினா வண்டி இன்னும் கனமாகும், இன்னும் குடிக்கும். ஏத்தலைன்னா எட்டற தூரம் சுருங்கும். தூரம்தான் அந்தப் படையோட ஒரே ஆயுதம். கணக்கு தப்பினா நடந்து திரும்பணும், அவ்வளவுதான்.

அதனால என்ன பண்ணினாங்க? 1942 மார்ச்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஃபோர்வீல் டிரைவைத் திருப்பிக் கொடுத்துட்டு, கனடாவுல இருந்து இவங்களுக்காகவே வரவழைச்ச 200 செவர்லே லாரிகளுக்கு மாறினாங்க. மறுபடியும் டூவீல் டிரைவ்! உலகத்துலேயே மணலை அதிகமா தெரிஞ்சு வெச்சிருந்த ஓட்டுநர்கள், உயிரைப் பணயம் வெச்சு எடுத்த முடிவு இது. இதைப் படிச்சதும் எங்க ஷார்ஜா வீரம் ஞாபகத்துக்கு வந்து தனியா சிரிச்சேன்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஃபோர்வீல் டிரைவ் வீண்னு அவங்க முடிவு பண்ணலை. 1942லேயே லேசான ஜீப்பும் அவங்ககூட சேர்ந்துடுச்சு. அவங்க எடைபோட்டது இதைத்தான்: இந்த ரெண்டு கூடுதல் சக்கரம் தர்ற இழுவை, அது தர்ற கனத்துக்கும் தாகத்துக்கும் ஈடாகுமா? டயரும் காத்தழுத்தமும் ஓட்டற கையும் சரியா இருந்தப்போ, ஈடாகலை.

குச்சியோட கணக்கு

இப்போ அந்தப் பெரியவரோட குச்சிக்கு வருவோம். டயர் தரையில பதியற பரப்பளவு, சக்கரத்து மேல இருக்கற எடையை உள்ளே இருக்கற காத்தழுத்தத்தால வகுத்தா வர்றதுக்குப் பக்கத்துல இருக்கும். (டயரோட சொந்த விறைப்பும் கொஞ்சம் தாங்கும், அதனால தோராயம்தான்.) எங்க வண்டி ஆளுங்களோட சேர்த்து 2,400 கிலோன்னு வைங்க. சக்கரத்துக்கு 600 கிலோ. 35 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா பரப்பு சுமார் 240 சதுர செ.மீ. ரெண்டு போஸ்ட் கார்டு அளவு! 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா சுமார் 570. நாலரை போஸ்ட் கார்டு.

இந்தக் கூடுதல் பரப்பு பெரும்பாலும் அகலத்துல வராது, நீளத்துல வரும். சப்பையான டயர் ஒட்டகப் பாதம் மாதிரி, டாங்க் சங்கிலி மாதிரி நீளமாப் படியும். மணலுக்கு ஒட்டுற குணம் கிடையாது. ஒண்ணோட ஒண்ணு உரசறதுலதான் அதோட பலமே. அழுத்தம் தாங்கற அளவைத் தாண்டினா பக்கவாட்டுல ஓடிடும், சக்கரம் உள்ளே போயிடும். அப்புறம் சக்கரம் எப்பவும் தன் குழியோட சுவரையே ஏறிகிட்டிருக்கும். அந்த நேரத்துல இன்ஜின் விசையைக் கூட்டினா, மணல் இன்னும் வேகமாப் பின்னாலே பறக்கும். அவ்வளவுதான் பலன். நாங்க வெட்டின நாலு கிணத்தோட ரகசியம் இதுதான். நம்ம ஊர்ல மரச்சக்கர மாட்டு வண்டி போய் டயர் வண்டி வந்தப்போ, ஆத்து மணல்ல மாடுகள் பட்ட பாடு குறைஞ்சதும் இதே கணக்குலதான்.

ராணுவமும் இதைச் சீக்கிரமே பிடிச்சுகிட்டது. 1942ல அமெரிக்காவுல வந்த டக் வண்டி தண்ணியிலேயும் போகும், தரையிலேயும் போகும். ஆறு சக்கரமும் இழுக்கும். அப்படியும் கடற்கரை மணல்ல ஏற, ஓட்டுநர் சீட்ல இருந்தபடியே டயர் காத்தை ஏத்தி இறக்கற வசதி வேண்டியிருந்தது. 1943ல சிசிலி, 1944ல நார்மண்டின்னு கரையேறின வண்டி அது. பட்டாணிப் பெரியவரோட குச்சியை டாஷ்போர்டுல பொருத்தின மாதிரி!

பூமிக்கு வெளியே

1971ல அப்பல்லோ 15 சந்திரனுக்குக் கொண்டுபோன ஊர்தியில நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். டிஃபரன்ஷியல் தகராறே இல்லை. ஆனா டயர்? வெற்றிடத்துல காத்தடைச்ச டயர் எதுக்குன்னு, துத்தநாகம் பூசின எஃகுக் கம்பியைக் கூடை மாதிரி பின்னி சக்கரம் செஞ்சாங்க. காத்தில்லாமலே அமுங்கிக் கொடுக்கற சக்கரம். தரையில பரவிப் படியணும்கற பாடம் அங்கேயும் போயிருக்கு பாருங்க.

செவ்வாய்க்குப் போன ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரெண்டுக்கும் ஆறு சக்கரம், ஆறு மோட்டார். சக்கரம் அலுமினியம், அமுங்காது. 2005 ஏப்ரல்ல ஆப்பர்ச்சூனிட்டி ஒரு மணல் அலையில மாட்டி, வெளியே எடுக்க அஞ்சு வாரத்துக்கு மேல ஆச்சு. ஸ்பிரிட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு சக்கரம் 2006லேயே நின்னுபோயிருந்த நிலையில, 2009ல மேலே ஓடு மாதிரி இருந்த தரையை உடைச்சுகிட்டு மெத்து மண்ணுல இறங்கினது இறங்கினதுதான். 2010ல இனி இது நகராதுன்னு நாசா அறிவிச்சுடுச்சு. பக்கத்துல குச்சியோட ஒரு பெரியவர் இல்லை. இருந்திருந்தாலும் இறக்கக் காத்து இல்லை.

பேக்னால்ட் 1990ல காலமானார். செவ்வாய் மணல்மேடுகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க அவர் சமன்பாடுகளைத்தான் கையில எடுத்தாங்க. 2015 நவம்பர்ல கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்துல ஒரு மணல்மேட்டுக் கூட்டத்தை நெருங்கி ஆராய்ஞ்சது. அதுக்கு வெச்சிருக்கற பேர், பேக்னால்ட் மணல்மேடுகள்.

இப்பல்லாம் மணலுக்குப் போனா நாங்க முதல்ல கீழே இறங்கி, அழுத்தமானியை வெச்சு 15க்கு இறக்கறோம். மாட்டினா மிதிக்கறதில்லை, தோண்டறோம். தார் ரோட்டுக்குத் திரும்பினதும் கம்ப்ரசர் போட்டு மறுபடி முழுசா ஏத்திட்டுத்தான் வீட்டுக்கு. இதை மட்டும் மறந்துடாதீங்க. சப்பை டயரோட நெடுஞ்சாலையில வேகமாப் போனா பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடேறி வெடிக்கும், திரும்பும்போது ரிம்மை விட்டே கழண்டுக்கும். மணல்ல உயிரைக் காப்பாத்தினது, ரோட்டுல உயிரை எடுத்துடும்.

நண்பன் இப்போ டேஷ்போர்டுல ஒரு குச்சி வெச்சிருக்கான். அழுத்தமானி பக்கத்துலேயே. எதுக்குடான்னு கேட்டா, "திமிர் வரும்போது பார்த்துக்க"ங்கறான்.